பிளேஸ்மென்ட் செல் கதவைத் தட்டியதுண்டா? – பட்டப்படிப்பு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையும்போது, கையில் ஃபைலுடன் ஓர் இளைஞர் ஓரமாகக் காத்து நிற்பார். "ஹஜ்ரத், டிகிரி முடிச்சிட்டேன். தெரிஞ்ச கம்பெனில சொல்லி வைங்க" என்பார். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பகுதிகளில் இது நமக்குப் பழகிப்போன காட்சி. "காலேஜ்ல பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போனீங்களா தம்பி?" என்று கேட்டால், "அது இன்ஜினியரிங் பசங்களுக்குத்தானே ஹஜ்ரத்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நம் பிள்ளைகள் கொடுக்கும் விலை அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காட்டுப்பள்ளி துறைமுகம் என நம் ஊரைச் சுற்றியே ஆலைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. அங்கே இயந்திர வேலை மட்டும் இல்லை. கணக்கு, ஸ்டோர்ஸ், கொள்முதல், மனிதவளம், ஏற்றுமதி ஆவணங்கள் என்று பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கான வேலைகளும் உண்டு. வழி தெரியாத பட்டதாரியோ ஏஜென்டுக்குப் பணம் கொடுத்து, அதே கேட்டுக்குள் கான்ட்ராக்ட் கூலியாக நுழைகிறார். உடலுழைப்பு இழிவல்ல. ஆனால் பெற்றோர் கடன்பட்டுப் படிக்க வைத்த பட்டம் பீரோவில் உறங்குவது வேதனையே.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் நாம் அறிந்ததுதான். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இருந்த போர்வையையும் பாத்திரத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தம் கரத்தாலேயே கைப்பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று 15 நாள் கழித்து வரும்படி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

கல்லூரி வேலைவாய்ப்பு மையம் செய்ய வேண்டியதும் இதுதான். அது வேலையைத் தூக்கிக் கொடுக்கும் இடமல்ல. நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, கருவியைத் தந்து, சந்தைக்கு அனுப்பும் இடம். ஆனால் கேட்டு வந்தவருக்குத்தான் கோடரி கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலாம் ஆண்டிலேயே மையத்தின் பொறுப்பாசிரியரைச் சந்தித்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். உங்கள் துறையில் படித்த சீனியர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகள் கலை, அறிவியல் மாணவர்களுக்கும் உண்டு. அவற்றை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்காதீர்கள்.

இரண்டாம் ஆண்டில் பயோடேட்டா எழுதி, அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மாதிரி நேர்காணலில் உட்காருங்கள். தன்னைப் பற்றிச் சொல்வது பெருமையடிப்பது என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம், களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தரும்படி கேட்டு, தம் தகுதியையும் தாமே எடுத்துச் சொன்னதைக் குர்ஆன் நமக்குக் கூறுகிறது.

இறுதியாண்டில் பெயரைப் பதிவு செய்யத் தவறாதீர்கள். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் வட்டி சார்ந்த கடன் நிறுவனங்களும் இருக்கும். எந்தத் துறைக்குச் செல்ல விருப்பம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்ற வாய்ப்புகளை அவர்களே காட்டுவார்கள். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், பணி நேரம், கம்பெனி பஸ், பாதுகாப்பு ஆகியவை பற்றி அங்கேயே விசாரிக்கலாம்.

கல்லூரியில் மையம் செயல்படாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. திருவள்ளூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், பட்டதாரிகள் மாத உதவித்தொகையுடன் தொழிற்பழகுநர் பயிற்சி பெறலாம். சென்னை தரமணியில் உள்ள வாரியம் இதைக் கவனிக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அனுபவச் சான்றிதழ் கையில் இருக்கும். இவை எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை.

மதரஸாவில் ஓதிவிட்டுக் கலைப் பட்டமும் படித்த நமக்கு, அன்று இதைச் சொல்ல ஆளில்லை. இன்று ஜமாஅத்துகள் ஒன்று செய்யலாம். வேலையில் இருக்கும் நம் சகோதரர்கள் மாதம் ஒருநாள் பள்ளிவாசலில் அமர்ந்து, மாணவர்களின் பயோடேட்டாவைப் பார்த்துக் கொடுக்கட்டும். சிபாரிசுக் கடிதத்தை விட அது பலன் தரும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தை வழங்குவானாக. ஆமீன்.