நூற்றைந்தும் ஆயிரத்தைந்தும்

இரண்டாம் வகுப்பில் பயிலும் எம் இளைய மகளிடம் ஒரு மாலைப் பொழுதில், "நூற்றைந்து எழுது, பார்க்கலாம்" என்றோம். சற்றும் தயங்காமல் 1005 என்று எழுதினாள். தவறு என்றோம். அழித்துவிட்டு மீண்டும் அதையே எழுதினாள். மூன்றாம் முறையும் அப்படியே எழுதியபோது எம் பொறுமை போயிற்று; தலையில் ஒரு குட்டு வைத்தோம். அன்று முதல் கணக்கு நோட்டை எடுத்தாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

பெற்றோரே, அந்தக் குட்டுக்கு உரியவள் அவள் அல்லள். 'நூற்றைந்து' என்னும் சொல்லில் அவள் செவியில் விழுவன இரண்டே: நூறு, ஐந்து. நூறு எழுதத் தெரியும். ஐந்து எழுதவும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாள். கேட்டதைக் கேட்டபடி எழுதிய குழந்தையை மந்தபுத்தி என்கிறோம்!

நம் முன்னோர் அவளைக் கடிந்திருக்க மாட்டார்கள். பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்றைந்தை ௱௫ என்றும், நாற்பத்தைந்தை ௪௰௫ என்றும் எழுதினர். சொல்லும் எழுத்தும் ஒரே வழியில் சென்றன. இன்றைய முறையிலோ நூற்றுக்கெனத் தனிக்குறி இல்லை; ஓர் எண் நிற்கும் இடமே அதன் மதிப்பைக் கூறுகிறது. வாயால் சொல்லாத பூச்சியத்தை நடுவில் இடவேண்டியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு இது சிறிய காரியமா?

வாயால் எவ்வளவு விளக்கியும் பயனில்லை என்று கண்டபின், பழைய துடைப்பம் ஒன்றைப் பிரித்தோம். ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக ஒடித்தோம். பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டுவது அவள் வேலை. பத்துக் கட்டுகள் சேர்ந்ததும் அவற்றை ஒரே பெருங்கட்டாகக் கட்டினாள். ஒரு மாலை முழுவதும் இதிலேயே கழிந்தது. கழியட்டும் என்று விட்டுவிட்டோம். நூறு என்பது எவ்வளவு என்பதை அவள் விரல்கள் அன்றுதான் அறிந்தன.

மறுநாள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கட்டங்கள் வரைந்தோம். வலப்புறம் உதிரி, நடுவில் சிறுகட்டு, இடப்புறம் பெருங்கட்டு. "நூற்றைந்தை வை" என்றோம். பெருங்கட்டு ஒன்றையும் உதிரி ஐந்தையும் வைத்தாள்.

"நடுக்கட்டத்தில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லை என்பதை எப்படி எழுதுவாய்?"

சிறிது நேரம் கட்டத்தையே பார்த்திருந்தாள். பிறகு 1, 0, 5 என்று தானாகவே எழுதினாள்.

இது எம் கண்டுபிடிப்பன்று. 1907-இல் உரோமையில் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியவரும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், பொன்னிற மணிகளை ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனக் கோத்துக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். அவர் வகுத்த முறையில் எண் அட்டைகளும் உண்டு. 100 என்ற நீண்ட அட்டையின் வலது ஓரத்தில் 5 என்ற சிறிய அட்டையை வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 105 தெரியும். மறைந்த பூச்சியம் அடியிலேதான் இருக்கிறது என்பதைக் குழந்தை தூக்கிப் பார்த்து மகிழும். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டியே இவற்றைச் செய்துகொள்ளலாம்.

நம் இல்லங்களில் மற்றொரு கருவியும் தொங்குகிறது. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை என்கிறோம். ஐந்து பத்துகள், தொடக்கத்தில் மூன்று மணிகள். தனித்து நிற்கும் மணிகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். (செப வேளையில் வேண்டாம், கணக்கும் கெடும், செபமும் கெடும்.)

தொண்ணூறு மட்டும் அவளை இன்னும் தயங்க வைக்கிறது. அச்சொல்லுக்குள் 'நூறு' ஒலிக்கிறதல்லவா! அப்போதெல்லாம் ஈர்க்குக் கட்டுகள் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் தானே எடுத்து வருகிறாள். வயிற்றுவலியைப் பற்றி இப்போது பேச்சில்லை. சென்ற வாரம் ஆயிரத்துக்கு எத்தனை பெருங்கட்டுகள் வேண்டும் என்று கணக்கிட்டுவிட்டு, வீட்டில் புதிதாக வாங்கிய துடைப்பத்தை நோட்டமிட்டுக் கொண்டிருந்தாள்.