றங்குப் பெட்டியில் உறங்கும் நூல்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் றங்குப் பெட்டி ஒன்று அநேகமாக இருக்கும். காணி உறுதி, சாதகக் கட்டு, மங்கிய புகைப்படங்கள் ஆகியவற்றின் அடியில் பாட்டனார் வாங்கிச் சேர்த்த சஞ்சிகைகளும் நூல்களும் கிடக்கும். அட்டையைத் தொட்டால் தூள் உதிரும். சில பக்கங்களை இராமபாணப் பூச்சி நமக்கு முன்னரே வாசித்து முடித்திருக்கும். வீடு வெள்ளையடிக்கும் காலத்தில் இவை கடலைக்காரரிடமோ அடுப்படிக்கோ போய்ச் சேருகின்றன. இவ்வாறு போகவிருந்த பொருள்களைத் தேடிச் சென்று காப்பாற்றும் தொண்டர்களைப் பற்றியே இங்கு சிறிது எழுத விழைகின்றோம்.

யாழ்ப்பாணத்துக்கு நூல் சேர்த்தல் புதிய தொழில் அன்று. 1933-ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்த நூல்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் அம்முயற்சி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குச் சென்றது. ஊரவர் கொடுத்த பணத்தாலும் நூல்களாலும் அது வளர்ந்து, 1959-இல் திறக்கப்பட்ட பொது நூலகக் கட்டடமாக நிமிர்ந்து நின்றது. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு பொலிஸாரும் சேர்ந்த கும்பலொன்று அதற்குத் தீ வைத்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின.

அத்தீயில் யாழ்ப்பாண வைபவமாலை அடியோடு அழிந்துபோயிற்று என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அஃது உண்மையன்று. பிரிட்டோ என்பார் அதனை 1879-இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார், முதலியார் குல. சபாநாதன் 1949-இல் தமிழ்ப் பதிப்பொன்றை அச்சிட்டார். பல வீடுகளிலும் பல ஊர்களிலும் பிரதிகள் இருந்தமையால் அந்நூல் பிழைத்தது. ஒரே பிரதியாக அங்கிருந்தவையே மீளாமற் போயின. ஒரு நூலுக்குப் பூட்டும் இரும்புப் பெட்டியும் தரும் காவலைவிடப் பல பிரதிகள் தரும் காவல் பெரிது.

எரிந்தவை போக எஞ்சியவற்றுக்கும் நல்ல காலம் வரவில்லை. 1990-ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் பொன் விலை விற்றது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தனர். கடதாசி கிடையாத காலத்தில் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே நாளிதழ்கள் அச்சாயின. கையிலுள்ளதைக் கொண்டு காரியம் முடிக்கும் தன்னிறைவுப் பழக்கம் அன்று எவரும் போதியாமலே வந்தது. ஆனால் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, குழந்தையைத் தூக்குவதா புத்தகத்தைத் தூக்குவதா என்ற கேள்விக்கு விடை ஒன்றுதானே! மீண்டு வந்தோர் பலர் கூரையில்லா வீட்டில் நனைந்து கட்டியாகிப்போன நூல்களைக் கண்டனர்.

இந்நிலையிலேதான் 2005-ஆம் ஆண்டில் ஈழத்து இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டத்தை ஆரம்பித்தனர். 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பேர்க் திட்டமும், 1998-இல் பிறந்த மதுரைத் திட்டமும் அவர்களுக்கு முன்னோடிகள். ஆரம்பத்தில் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். வேலையோ மலை, கைகளோ சில. ஆகவே பின்னர் பக்கங்களை வருடியில் வைத்துப் படமாகவே பதிந்தனர். ஈழகேசரி, மறுமலர்ச்சி, மல்லிகை முதலிய இதழ்களை இன்று உரும்பிராயில் இருக்கும் மாணவியும் ரொறன்ரோவில் இருக்கும் அவள் மாமனாரும் ஒரே வேளையில், காசின்றிப் படிக்கலாம்.

இதற்கு வேண்டிய கருவியும் விலைக்கு வாங்கப்பட்டதன்று. ‘மீடியாவிக்கி’ என்னும் கட்டற்ற மென்பொருளே இந்நூலகத்தைத் தாங்கி நிற்கின்றது. கட்டற்ற மென்பொருள் என்றால் யாது? சமைத்த கறியை மட்டும் விற்காமல், கைப்பக்குவத்தையும் எழுதிக் கொடுத்து, ‘உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் உம் விருப்பம், அயல் வீட்டுக்கும் சொல்லும்’ என்பது போன்றது அது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இக்கொள்கையை இயக்கமாக்கினார். விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில் இயங்குவதே. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டு, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஊதியமின்றி எழுதியவர் இ. மயூரநாதன். அவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு, மறைப்பானேன்?

தொண்டு என்றதும் மேடையும் மாலையும் மனத்தில் தோன்றலாம். இங்கு அவை இல்லை. துருப்பிடித்த கம்பியைத் தாள் கிழியாமல் நீக்க வேண்டும். ஒடியும் பக்கத்தை இரு கைகளாலும் ஏந்தி வருடியில் வைக்க வேண்டும். முந்நூறு பக்கம் என்றால் முந்நூறு தடவை அதே வேலை. இடையில் ஒரு பக்கம் தவறிற்றா என்று மீண்டும் பார்க்க வேண்டும். பின்னர் ஆசிரியர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றைப் பிழையறக் குறித்தல் வேண்டும். பெயரைத் தவறாக எழுதிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அலுப்பூட்டும் வேலைதான், பாதியில் நின்றுவிடுவோரும் உளர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு இதனைவிட நல்ல பொழுதுபோக்கு நாம் அறியோம். பரீட்சைக்குப் படித்த இலக்கிய வரலாற்றில் வெறும் பெயராக நின்ற ஓர் இதழ், அட்டைப் படத்தோடும் சவர்க்கார விளம்பரத்தோடும் கையில் வரும்.

உரிமைச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நூலுரிமை நீடிக்கும். ஆதலால் எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ சம்மதம் பெறவேண்டியிருக்கின்றது. புலம்பெயர்ந்து சிதறிய குடும்பத்தில் எவரைக் கேட்பது? தேடிப் பிடிப்பதே தனித் தொண்டு.

அச்சிட்ட பெருநூல்கள் மாத்திரமே மதிப்புடையன என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் நம்மவர் வெளியிடும் நினைவு மலரை எடுத்துப் பாருங்கள். கல்வெட்டு என்றும் அதனைச் சொல்வோம். தேவாரமும் திருவாசகமும் முன்னே நிற்க, பின்னே வம்சாவளி இருக்கும்: யார் மகன், எவ்வூரிற் பெண் கொண்டார், மலாயாவில் எந்த உத்தியோகம் பார்த்தார், எந்தப் பாடசாலைக்குக் காணி கொடுத்தார் என்று. ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இதனைவிட நெருங்கிய சான்று கிடைத்தல் அரிது. நூலகத் திட்டத்தார் இவற்றையும், பாடசாலை மலர்களையும், கோயில் விழா வெளியீடுகளையும் சேர்த்து வருகின்றனர்.

நினைவு மலர்களோ ஓரிரு நூறு பிரதிகளே அச்சிடப்படுகின்றன. வந்தவர்கள் வாங்கிச் சென்று, சுவாமி அறைத் தட்டில் வைத்து, மறந்துவிடுகின்றனர். அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது, கடலைக்காரர் வருவதற்கு முன்னர், அதனை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.