மெய்நிகர் இயந்திரத்தினுள் உறையும் முகவர்

ஒரு பெரிய விடுதியை வாசகர் மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். விடுதிக்காரர் ஒவ்வோர் அறைக்கும் விளக்கும் நீரும் அளிக்கிறார். அறைக் கதவோ உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது. உள்ளிருப்பவர் உறங்குகிறாரா, உணவருந்துகிறாரா, அன்றி முக்கியமான கடிதம் ஒன்றைப் பாதி எழுதிய நிலையில் இருக்கிறாரா என்பதை விடுதிக்காரர் அறியார். மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. துண்டிப்பதற்கு ஏற்ற வேளை எது என்னும் அறிவு அவருக்கு இல்லை. அறைக்குள் ஓர் அழைப்பு மணியும், மணியோசை கேட்டு விடை கூற ஒரு பணியாளும் இருப்பின் இக்குறை நீங்கும். கணிப்பொறித் துறையில் இப்பணியாளின் இடத்தை வகிப்பதே 'கெஸ்ட் ஏஜென்ட்' என வழங்கும் சிறு மென்பொருளாகும். இக்கட்டுரையில் அது முகவர் எனக் குறிக்கப்படும்.

விண்டோஸ், லினக்ஸ் ஆகிய பெருவழக்கான இயங்குதளங்களில் இம்முகவரை நிறுவுதல் எளிது. அருகி வழங்கும் இயங்குதளங்களில் அது அவ்வளவு எளிதன்று. அங்கு நேரும் இடர்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

ஒரே கணிப்பொறியின் வன்பொருளைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் தனிக் கணிப்பொறி போலத் தோன்றுமாறு செய்யும் முறைக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். இவ்வாறு தோன்றும் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதனைத் தாங்கி நிற்கும் உண்மையான கணிப்பொறி 'ஹோஸ்ட்' என்றும், உள்ளே இயங்கும் இயங்குதளம் 'கெஸ்ட்', அதாவது விருந்தினர் என்றும் அழைக்கப்படுகின்றன. பங்கீட்டை நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்றில் 1960-களின் நடுப்பகுதியிலேயே இதற்கான முயற்சிகள் நடைபெற்றன. அவற்றின் பயனாக 1972-இல் விஎம்/370 என்னும் முறைமை அறிவிக்கப்பட்டது. அதில் 'டயக்னோஸ்' என்ற பொறிக் கட்டளையைக் கொண்டு, உள்ளிருக்கும் விருந்தினர் தன்னைத் தாங்கும் கட்டுப்பாட்டு நிரலுடன் நேரே பேச இயன்றது. எனவே, உள்ளிருப்பவருக்கும் வெளியிலிருப்பவருக்கும் பேச்சு வழி தேவை என்பது இத்துறையின் தொடக்க காலத்திலேயே உணரப்பட்ட உண்மையாகும். அண்மைக் காலத்தில் விஎம்வேர், ஸென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் முதலியன இவ்வழியைத் தத்தமக்குரிய முறையில் அமைத்துள்ளன.

முகவரின் பணிகள்

முகவர் ஆற்றும் பணிகளுள் தலையாயவை நான்கு.

முதலாவது, முறையான நிறுத்தம். ஹோஸ்டிலிருந்து ஆணை வந்ததும், முகவர் இயங்குதளத்தை ஒழுங்காக மூடச் செய்கிறது. திறந்துள்ள கோப்புகள் சேமிக்கப்பட்ட பின்னரே இயந்திரம் நிற்கிறது.

இரண்டாவது, விவரம் அறிவித்தல். விருந்தினரின் பெயர், அதன் வலையமைப்பு முகவரிகள், வட்டுகளின் நிலை ஆகியவற்றை முகவர் வெளியே தெரிவிக்கிறது. பல இயந்திரங்களை மேற்பார்வை செய்பவருக்கு இது பேருதவியாகும்.

மூன்றாவது, காலம் திருத்துதல். சில மணி நேரம் இடைநிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரம் மீண்டும் எழும்போது அதன் கடிகாரம் பின்தங்கியிருத்தல் கூடும். முகவர் அதனைச் சரிசெய்ய வல்லது.

நான்காவது, காப்புப்படி எடுக்கும் வேளையில் கோப்பு முறைமையைச் சற்று நேரம் உறையச் செய்தல். இதுவே யாவற்றினும் முக்கியமானது. ஆதலின் பின்னர்த் தனியே விளக்கப்படும்.

செய்தி செல்லும் வழி

கேவிஎம் முறையில் பயன்படும் கியூஎமு முகவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஹோஸ்டுக்கும் விருந்தினருக்கும் இடையே 'விர்ட்டியோ சீரியல்' என்னும் கற்பனைத் தொடர்வழி ஒன்று அமைக்கப்படுகிறது. இது வலையமைப்பைச் சாராதது. ஆகவே வலையமைப்பு பழுதுற்ற காலத்திலும் பேச்சு நடைபெறும். செய்திகள் ஜேசன் என்னும் எளிய எழுத்து வடிவில் செல்கின்றன.

ஹோஸ்ட் முதலில் 'கெஸ்ட்-சிங்க்' என்ற கட்டளையுடன் ஓர் எண்ணை அனுப்புகிறது; முகவர் அதே எண்ணைத் திருப்பி அனுப்பினால், வந்தது பழைய விடையன்று, இப்போதைய விடையே என்பது உறுதியாகிறது. 'கெஸ்ட்-பிங்' என்ற கட்டளைக்கு வெறுமையான விடை ஒன்றே வரும். ஆயினும் முகவர் உயிருடன் உள்ளது என்பதற்கு அதுவே சான்று. 'கெஸ்ட்-ஷட்டவுன்' என்ற கட்டளை வெற்றி பெறுமாயின் விடையே வராது. விடை கூற வேண்டிய முகவரும் இயந்திரத்துடன் சேர்ந்து நின்றுவிடுகிறது அன்றோ?

விஎம்வேர் பின்பற்றும் வழி வேறு. உண்மை வன்பொருளில் பொதுவாகப் பயன்படாத ஓர் உள்ளீட்டு வெளியீட்டு வாயிலை அது தனக்கெனக் கொண்டுள்ளது. பதினாறடிமான எண் முறையில் அவ்வாயிலின் எண் 5658. விருந்தினர் குறிப்பிட்ட இரகசிய எண் ஒன்றுடன் அவ்வாயிலைத் தட்டினால் ஹைப்பர்வைசர் மறுமொழி தரும்.

அருகி வழங்கும் இயங்குதளங்களில் நேரும் இடர்

முகவர் இயங்குவதற்கு மூன்று படிகள் தேவை. ஹோஸ்ட் அமைப்பில் செய்தி வழி திறக்கப்பட்டிருத்தல் வேண்டும். விருந்தினரின் கர்னலில் அவ்வழியைக் கையாளும் டிரைவர் இருத்தல் வேண்டும். அதன்மேல் முகவர் நிரல் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கியூஎமு முகவரை ஆயத்தப் பொதியாக நிறுவலாம். ஆயினும் 'விர்ட்டியோ கன்சோல்' என்னும் டிரைவர் கர்னலில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று காணுதல் அவசியம். அடுத்து, தொடக்க அமைப்புக் கோப்பில் முகவர் சேவை இயக்கப்படல் வேண்டும். லினக்ஸில் செய்தி வழி 'விர்ட்டியோ-போர்ட்ஸ்' என்ற அடைவினுள் காணப்படும். ஃப்ரீபிஎஸ்டியில் அது 'விடிகான்' என்ற அடைவினுள் உள்ளது. லினக்ஸுக்கு எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோர் இடறி விழும் இடம் இதுவே. மூல கியூஎமு திட்டத்திலேயே ஃப்ரீபிஎஸ்டிக்கான ஆதரவு 2022 இறுதியில் வெளிவந்த 7.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தார் மேற்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. விஎம்வேருடன் பேசுவதற்குத் தனி முகவர் நிரலை நிறுவாமல், அப்பணியைக் கர்னலுக்குள்ளேயே 'விஎம்டி' என்ற டிரைவராக அவர்கள் அமைத்தனர். 2008-இல் வெளிவந்த 4.4 பதிப்பு முதல் இது உள்ளது. நிறுத்த ஆணையை ஏற்றல், பெயரையும் முகவரியையும் அறிவித்தல், ஹோஸ்டின் கடிகாரத்தோடு உள்ள வேறுபாட்டை ஓர் உணர்கருவியின் அளவு போலக் காட்டுதல் ஆகியன இதன் பணிகள். எனவே அங்கு முகவரைத் தேடி நிறுவ வேண்டிய தேவையே இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸின் துணைநிரல்கள் விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றுடன் சோலாரிஸ், ஓஎஸ்/2 ஆகியவற்றுக்கும் கிடைக்கின்றன. விஎம்வேர் தன் கருவிகளின் மூலநிரலை 2007-இல் திறந்து வெளியிட்டமையால், பிறர் அவற்றைத் தத்தம் தளங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டாயிற்று.

விர்ட்டியோ டிரைவர் அறவே இல்லாத தளங்களில் பழைய சீரியல் துறைமுகத்தையே செய்தி வழியாகக் கொள்ளலாம். கியூஎமு முகவர் இம்முறையையும் ஏற்கும். வேகம் குறைவெனினும் சிறு செய்திகளுக்கு அது போதுமானது. ஆனால் டாஸ் போன்ற பழைய முறைமைகள் ஒரு வேளையில் ஒரே நிரலை இயக்குபவை. பின்னணியில் முகவர் அமர அங்கு இடமில்லை. அத்தகைய இயந்திரத்தை, பயன்படுத்துபவர் தம் நிரலை முடித்து வெளிவந்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

ஓர் இயங்குதளத்தின் பெயர் புதியதாக இருப்பதனாலேயே அது அரிய தளம் என்று கொள்ளலாகாது; அதன் வழிமுறையை ஆராய்தல் வேண்டும். சென்னையில் சீ-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியன் லினக்ஸ் வழியில் வந்தது. ஆகவே டெபியனுக்குரிய முறையே அதற்கும் பொருந்தும்.

உறையச் செய்தலும் விடுவித்தலும்

ஓர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்க. நாள்தோறும் இரவில் ஹோஸ்ட் அதன் வட்டினை 'ஸ்நாப்ஷாட்' முறையில் படி எடுக்கிறது. படி எடுக்கும் நொடியில் ஒரு பதிவு பாதி வட்டிலும் பாதி நினைவகத்திலுமாக இருந்தால் யாது நேரும்? எடுக்கப்பட்ட படியில் பாதிப் பதிவே இருக்கும். அப்படியிலிருந்து மீட்கப்படும் இயந்திரம், திடீரென்று மின்சாரம் நின்றுபோன இயந்திரத்தின் நிலையிலேயே இருக்கும். செயற்குறிப்பேடு வைத்து இயங்கும் தரவுத்தளங்கள் இத்தகைய நிலையிலிருந்து தாமே தேறிக்கொள்ளும். எளிய கோப்புகளாக எழுதிவரும் பழைய நிரல்களுக்கு அவ்வாற்றல் இல்லை. இழப்பு அன்றே தெரிவதுமில்லை. என்றோ ஒரு நாள் வட்டு பழுதாகி, ஒருவர் தம் குழந்தையின் சான்றிதழ் கேட்டு வரும் போதுதான் காப்புப்படியிலும் அப்பதிவு இல்லை என்பது வெளிப்படும்.

இதனைத் தவிர்ப்பதற்கே உறைய வைக்கும் முறை ஏற்பட்டது. படி எடுக்கும் முன் ஹோஸ்ட் 'ஃப்ரீஸ்' கட்டளையை அனுப்புகிறது. நினைவகத்தில் தேங்கியவை யாவும் வட்டில் எழுதப்படுகின்றன. புதிய எழுத்துகள் வாயிலில் நிறுத்தப்படுகின்றன. படி எடுக்கப்பட்டதும் 'தா' என்னும் விடுவிக்கும் கட்டளை செல்கிறது. தடைப்பட்ட வேலைகள் தொடர்கின்றன. லினக்ஸில், உறைவதற்கு முன் தரவுத்தளத்தை ஆயத்தப்படுத்தும் சிறு நிரலையும் முகவர் வாயிலாக ஓட்டலாம்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. விடுவிக்கும் கட்டளை வந்து சேராவிடில், விருந்தினர் எழுத இயலாமல் அப்படியே நின்றுவிடும். உறைந்த நிலையில் முகவர் தன் குறிப்பேட்டையும் எழுதாது. வினவல், விடுவித்தல் போன்ற சில கட்டளைகளை மட்டுமே ஏற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் யூஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கு அமைந்துள்ள வழி இவ்வகையில் சிறந்தது: உறையச் செய்த நிரல் எக்காரணத்தாலோ மடிந்தால் கர்னல் தானாகவே தடையை நீக்கிவிடுகிறது. ஆனால் இவ்வசதி யூஎஃப்எஸ் முறைமைக்கே உரியது. உறைய வைக்கும் பணியைத் தம் கடமைகளுள் கொள்ளாத முகவர்களும் உண்டு. அத்தகைய இடங்களில் படி எடுக்கும் முன் தரவுத்தளச் சேவையைச் சில நிமிடம் நிறுத்தி வைத்தலே பாதுகாப்பான வழி.

பாதுகாப்பு

முகவர் இயங்குதளத்தின் முழு அதிகாரத்துடன் ஓடுவது வழக்கம். கோப்பைப் படித்தல், கடவுச்சொல்லை மாற்றுதல், கட்டளையை இயக்குதல் ஆகியனவும் அதன் வாயிலாக இயலும். ஆகவே ஹோஸ்டை ஆள்பவர் விருந்தினரையும் ஆள்வார். விஎம்வேர் கருவிகளில் இருந்த ஒரு குறை 2023-இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. முன்னரே ஹோஸ்டைக் கைப்பற்றிய ஒருவர், உரிய சான்று இன்றியே விருந்தினருக்குள் செயல்பட அது இடமளித்தது. தேவையற்ற கட்டளைகளை விலக்கி வைக்கக் கியூஎமு முகவரில் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துதல் நன்று. மறுபுறம், முகவர் கூறுவதை ஹோஸ்டும் முழுதும் நம்பலாகாது. விருந்தினர் தீயோர் கைப்பட்டால் அதன் முகவர் பொய்யுரைக்கக் கூடும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

முதலில் ஹோஸ்ட் அமைப்பில் முகவர் வழி திறக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க. திறந்த பின் இயந்திரத்தை உள்ளிருந்து மறுதொடக்கம் செய்தல் மட்டும் போதாது. முற்றிலும் நிறுத்தி மீண்டும் தொடங்கினாலன்றிப் புதிய சாதனம் தோன்றாமற் போகலாம். இரண்டாவதாக, விருந்தினரின் தொடக்கக் குறிப்புகளில் டிரைவரின் பெயர் உள்ளதா என்று காண்க. மூன்றாவதாக, முகவர் சேவை ஓடுகிறதா என்று உறுதி செய்க. நான்காவதாக, 'பிங்' அனுப்பி விடை பெறுக. முகவர் இல்லாத இயந்திரத்துக்கு அவ்வழியைத் திறந்து வைத்தலும் தவறே. வாராத விடைக்காக ஹோஸ்ட் காத்திருந்து, நிறுத்தமும் காப்புப்படியும் தாமதமாகலாம். முகவர் அமைக்க வழியில்லாத இடத்தில், ஏசிபிஐ மின்விசைப் பொத்தான் முறையால் இயந்திரம் ஒழுங்காக நிற்கிறதா என்று சோதித்து, முடிவினைப் பதிவேட்டில் குறித்து வைக்க.

ஆசிரியர்கள் இப்பொருளை மாணவர்க்கு ஒரு சோதனையால் விளக்கலாம். ஒரு பயிற்சி இயந்திரத்தில் விநாடிக்கு ஒரு வரி எழுதும் சிறு நிரலை ஓடவிட்டு, உறைய வைக்காமல் ஒரு படியும், உறைய வைத்து ஒரு படியும் எடுத்து, இரண்டிலும் இறுதி வரியின் நேரத்தை, படி எடுத்த நேரத்துடன் ஒப்பிடச் செய்யலாம். நினைவகத்தில் நிற்பதற்கும் வட்டில் நிலைபெறுவதற்கும் உள்ள வேற்றுமை அப்போது கண்கூடாகும்.

எவ்வகைக் காப்புப்படியும், மீட்டுப் பார்த்த பின்னரே காப்புப்படி எனும் பெயருக்கு உரியதாகிறது. முகவர் நிறுவப்பட்டிருத்தல் அதற்கு ஒரு துணை. மீட்டுப் பார்த்தலே அதற்குச் சான்று. அரிய இயங்குதளத்தைப் பேணும் பொறுப்பில் உள்ளோர் மாதம் ஒருமுறையேனும் ஒரு படியைத் தனி இயந்திரத்தில் எழுப்பி, பதிவேட்டின் கடைசிப் பதிவு முழுமையாக உள்ளதா என்று காணுதல் கடமையாகும்.