மோரிஸ் மைனர்: பழைய பிரிட்டிஷ் காரை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா? பெயின்ட்டுக்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

துருப்பிடித்த பழைய கார் ஒன்று ஷெட்டுக்குள் வருகிறது. பத்து நிமிட வீடியோ முடிவதற்குள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வெளியே போகிறது. பார்ப்பவர்களுக்கு, 'நாமும் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், வீட்டில் ஆரம்பித்த வேலை பாதியில் நின்று, பாகம் பாகமாகக் கழற்றிய நிலையில் விற்பனைக்கு வரும் கார்களும் ஏராளம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கடைசியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள்.

எந்த வேலை முதலில், எது கடைசியில்? எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? பிரிட்டனில் வீட்டு ஷெட்டுகளில் அதிகம் புதுப்பிக்கப்படும் கார்களில் ஒன்றான மோரிஸ் மைனரை வைத்தே பார்க்கலாம்.

ஏன் மோரிஸ் மைனர்?

1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'மினி' காரை உருவாக்கியவரும் இவர்தான்.

மைனரின் கதையே ஒரு மாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. மாதிரி கார் தயாரான பிறகு, அது ரொம்பக் குறுகலாக இருப்பதாக இசிகோனிஸுக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, நடுவே 4 அங்குலம் அகலப்படுத்திப் பார்த்தார். அந்த அகலமே இறுதியானது. பானட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். ஏற்கெனவே தயாராகியிருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, ஒட்டுத் துண்டு வைத்துத்தான் ஆரம்பகாலக் கார்களில் பொருத்தினார்கள்.

1960 டிசம்பரில் 10 லட்சமாவது மைனர் தயாரானது. பிரிட்டிஷ் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் முறை. 1971-ல் தயாரிப்பு நிற்கும்போது மொத்தம் சுமார் 16 லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

வீட்டு வேலைக்கு இது ஏற்றது என்பதற்குக் காரணங்கள் உண்டு. இன்ஜின் எளிமையானது. பானட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும். நான்கு மட்கார்டுகளும் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றி மாற்றலாம். முக்கியமாக, பெரும்பாலான பாகங்கள் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன.

முதல் வேலை துரு: எங்கே ஒளிந்திருக்கும்?

மைனருக்குத் தனியாக சேஸி கிடையாது. தகரத்தால் ஆன உடம்பேதான் எலும்புக்கூடும். அதனால் இதில் துரு என்பது அழகுப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

மேலே பளபளப்பாக இருக்கும் கார், அடியில் ஓட்டையாக இருக்கலாம். கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் 'சில்', முன் சீட்டுகளுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம், பின்பக்கம் கட்டைகள் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் ஹேங்கர், முன்பக்க சேஸி லெக், தரைத் தகரம் ஆகிய ஐந்து இடங்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் காந்தம் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறதா? அந்த இடத்தைப் பெரிதாக வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. உள்ளே முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதன்பிறகு என்ன செய்தாலும் கதவு சரியாக மூடாது. எனவே கதவு இடைவெளியில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே வைத்து தற்காலிகமாக வெல்டிங் செய்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வெல்டிங் பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் தவறே இல்லை. நீங்களே செய்வதாக இருந்தால் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் கழற்றி தூரமாக வைத்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாவது: பிரேக்கும் முன் சக்கரமும்

மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். நான்குக்கும் பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட்டில் போகிறது. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு பிரேக்கும் சேர்ந்தே போகும். இன்றைய கார்களில் இருப்பதுபோல, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் ஏற்பாடு இதில் இல்லை.

மாஸ்டர் சிலிண்டர் வேறு டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தால்தான் பிரேக் ஆயில் அளவே தெரியும். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. பல வருஷம் நின்ற கார் என்றால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதுதான் நல்லது.

அடுத்தது முன் சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் பகுதியில் 'டிரன்னியன்' என்ற மரைபோட்ட இணைப்பு மேலும் கீழுமாக இருக்கிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். மைனருக்கே உரிய, எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் எடுக்கக் கூடாது. கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரம் தரையில் படாமல் இருந்தால்தான் மரைக்குள் கிரீஸ் முழுதாக இறங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம். முன்பக்க டார்ஷன் பார் முறுக்கேறிய நிலையில் இருக்கும் என்பதால், வழிமுறை தெரியாமல் அதைக் கழற்றவும் கூடாது.

மூன்றாவது: வயரிங். போன் சார்ஜர் மாட்டலாமா?

அவசரப்படாதீர்கள். மைனர் 'பாசிட்டிவ் எர்த்' கார். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும், மைனரில் அதற்கு நேர் எதிர். இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ சார்ஜரையோ மாட்டினால் ஷார்ட் ஆகி, அந்தச் சாதனம் வீணாகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற முடியும். பேட்டரி இணைப்பையும் இக்னிஷன் காயில் வயர்களையும் திருப்பிப் போட்டு, டைனமோவை அதற்கேற்பத் தயார் செய்ய வேண்டும். எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் இரண்டுக்கும் பொருந்தும் வகையா என்றும் பார்க்க வேண்டும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் மாட்டுவதாக இருந்தால், இந்த மாற்றத்தை முதலில் முடித்துவிடுவது வழக்கம்.

இன்னொன்று. இந்தக் காரின் ஃப்யூஸ் பாக்ஸில் இருப்பது இரண்டே ஃப்யூஸ்கள். ஹெட்லைட் வயருக்கு ஃப்யூஸே கிடையாது. பழைய வயர் வெடித்து உதிர்கிறது என்றால் ஒட்டுப்போடாமல் முழு வயரிங்கையும் மாற்றி, கூடுதல் ஃப்யூஸ்களைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

இன்ஜினும் பெட்ரோலும்

1952 முதல் மைனரில் வந்தது 'ஏ-சீரிஸ்' இன்ஜின். 803 சிசியில் தொடங்கி, 1956-ல் 948 சிசி, 1962-ல் 1098 சிசி என வளர்ந்தது.

இவை ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இன்ஜின்கள். பிரிட்டனில் 2000 ஜனவரியோடு அந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் வேகமாக, தொடர்ந்து ஓட்டினால் வால்வு உட்காரும் இடம் தேயும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

2021 செப்டம்பரில் அங்கே 10% எத்தனால் கலந்த 'இ10' பெட்ரோலும் வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும். அதனால் ஹோஸ்களை மாற்றுவதோடு, பலரும் எத்தனால் குறைவான 'இ5' பெட்ரோலையே போடுகிறார்கள்.

கஸ்டமைஸ்: எதை மாற்றலாம்?

இசிகோனிஸே வெட்டி ஒட்டிய கார் இது, நாம் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிடிக்காவிட்டால் இதைப் பழையபடி ஆக்க முடியுமா?

முன்பக்க டிஸ்க் பிரேக், எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், சீட் பெல்ட் ஆகியவை ஓட்டுபவரின் பாதுகாப்புக்கும் நிம்மதிக்கும் உதவும் மாற்றங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம்.

கூடுதல் வேகம் வேண்டுமா? அதே ஏ-சீரிஸ் குடும்பத்தின் 1275 சிசி இன்ஜினை, எம்ஜி மிட்ஜெட் போன்ற கார்களிலிருந்து எடுத்துப் பொருத்துவது பழக்கமான வழி. ஆனால், பிரேக்கை மேம்படுத்தாமல் இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால் ஆபத்தை விலை கொடுத்து வாங்கியதாகத்தான் ஆகும்.

கூரையை வெட்டுவது, தரையை வெட்டி வேறு காரின் அடிப்பாகத்தோடு சேர்ப்பது போன்றவை வேறு ரகம். அங்கே சட்டமும் குறுக்கே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 40 வயது கடந்த கார்களுக்கு 'எம்ஓடி' எனப்படும் வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. 2018 மே முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. ஆனால், கடந்த 30 ஆண்டுகளில் காரில் பெரிய அளவில் மாற்றம் செய்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

அதே இன்ஜின் குடும்பத்தில் வேறு சிசி அளவு என்றால் பெரிய மாற்றமாகக் கருதப்படாது. பாதுகாப்பை மேம்படுத்தச் செய்யும் மாற்றங்களுக்கும் இடமுண்டு. காரின் அடிப்படைக் கட்டமைப்பையே மாற்றினால் சலுகை மட்டுமல்ல, காரின் பதிவே கேள்விக்குள்ளாகலாம்.

பரிசோதனை கட்டாயமில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. ஓட்டத் தகுதியில்லாத காரை ரோட்டில் எடுத்தால் அது குற்றம். வீட்டில் வேலை செய்த காரை விருப்பத்தின் பேரில் பரிசோதனைக்குக் கொண்டுபோவது நல்லது. நம் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் கண்டுபிடிப்பார்.

குழந்தைகள் இருக்கும் வீடா? சீட் பெல்ட் இல்லாத பழைய காரில் 3 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது என்கிறது பிரிட்டிஷ் விதி. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். பெல்ட் மாட்டும்போதும், தடிமனான இரும்புத் தட்டு வைத்து உறுதியான இடத்தில் பொருத்த வேண்டும். துருப்பிடித்த தரைத் தகரத்தில் மாட்டிய பெல்ட் விபத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வீட்டில் வேலை: மூச்சுக்கு ஆபத்து

பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதவோ, ஏர் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி, அதற்குரிய முறையில் அப்புறப்படுத்த வேண்டும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. இன்றைய டூ-பேக் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு, அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டு ஷெட்டில் அதை அடிக்கக் கூடாது.

இலங்கை, இந்தியா தொடர்பு

இலங்கைச் சாலைகளில் மைனர் பல காலம் அன்றாட வாகனமாகவே ஓடியது. அந்த அனுபவத்தில், காலி அருகே இயங்கிய பட்டறை ஒன்று மைனருக்கான தகரப் பாகங்களைத் தயாரித்து பிரிட்டனுக்கே அனுப்பியது.

யாழ்ப்பாணத்தில் 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், ஆஸ்டின், மோரிஸ் கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மைனரை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. நம்ம அம்பாசடரின் மூலமும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் கார்தான்.

இங்கே இப்படி ஒரு கார் கிடைத்தால் என்ன செய்வது? 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வயது கடந்த வாகனத்தை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் அனுமதியில்லை. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அதனால் இங்கே கஸ்டமைஸ் ஆசையை அடக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

சுருக்கமாகச் சொன்னால்...

முதலில் துரு, அடுத்து பிரேக்கும் முன் சக்கரமும், பிறகு வயரிங், இன்ஜின். பெயின்ட், சீட் துணி, புது வீல் எல்லாம் கடைசியில்தான். முதலிலேயே பெயின்ட் அடித்தால், பிறகு வெல்டிங் செய்யும்போது அந்தப் பெயின்ட்டும் அதற்குச் செலவழித்த பணமும் சேர்ந்தே கருகிவிடும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டியே போனில் படம் எடுத்து, நட்டு போல்ட்டுகளைப் பெயர் எழுதிய கவர்களில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் போல்ட் எங்கே போகும் என்ற சந்தேகம் கண்டிப்பாக வரும். அப்போது கைகொடுப்பது அந்தப் படங்கள்தான்.