நாளைக்குப் படிக்கலாம் என்று ஏன் தோன்றுகிறது?

திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஷிப்மென்ட் தேதி நன்றாகத் தெரியும். கப்பலேறும் நாளை மட்டும் குறித்துவிட்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. பிளஸ் டூ பிள்ளைக்கோ மார்ச் பரீட்சை என்ற ஒரே கெடு; அதனால் படிப்பு தள்ளிப்போகிறது.

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் பயமும் சலிப்பும் எழுகின்றன. போனை எடுத்தால் அந்த நொடியே மனம் லேசாகிறது. தொலைவிலுள்ள மதிப்பெண் அதற்கு ஈடாவதில்லை.

வழி உண்டு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே.

ஆகவே, படிப்புக்கான செயலி ‘படி’ என்று மணியடித்தால் மட்டும் போதாது. ‘ராத்திரி சாப்பிட்டதும், மொட்டை மாடியில், வகைநுண்கணிதத்தில் இரண்டு கணக்கு’ என்று பிள்ளையையே எழுத வைக்க வேண்டும். தவறினால் சிவப்பில் எச்சரிக்காமல், மறுநாளுக்கு ஒரே ஒரு கணக்கைக் கொடுக்கலாம். தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டதாக 2010இல் வெளியான கனடா ஆய்வு காட்டுகிறது.