கோடை இடியும் குளிர்காலப் பனியும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் அன்னூர். அதனைச் சூழ்ந்து புன்செய் நிலங்களும், கிணற்றுப் பாசனத்தால் வாழும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. மேற்கே நோக்கினால் நீலகிரி மலைத்தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்கும். இவ்வூரார்க்கு வானம் ஆண்டுதோறும் இரண்டு காட்சிகளைக் காட்டுகின்றது. சித்திரை, வைகாசித் திங்கள்களில், பிற்பகலில் கருமேகம் திரண்டு இடியும் மின்னலுமாய்ப் பொழியும் கோடை மழை ஒன்று. மார்கழி, தைத் திங்கள்களில் ஓசையின்றி இறங்கும் பனி மற்றொன்று. அன்னூரில் அது புல்நுனியில் நீர்த்துளியாய் நிற்கும். நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலோ வெள்ளிய உறைபனியாய்ப் படியும்.

வானிலையை ஆர்வத்தோடு நோக்குவோர் உலகெங்கும் உளர். கோடைகாலத்து இடிப்புயல் பெரிதா, குளிர்காலத்துப் பனிப்புயல் பெரிதா என்பது அவர்களிடையே அடிக்கடி எழும் வினா. பனி பொழியும் நாட்டினர் இரண்டையும் கண்டவராதலின் எளிதில் வழக்காடுவர். கொங்கு நாட்டுச் சமவெளியிலோ பனிப்புயல் என்பது அறவே இல்லை. ஆகவே இவ்வினா இந்நாட்டினர்க்குப் பொருந்தாது எனத் தோன்றலாம். ஆயினும் உண்மை வியப்புக்குரியது. கோடை இடிமழை பெய்யும்போதெல்லாம், அன்னூர் மக்களின் தலைக்குமேல் பனியும் பொழிகின்றது. அது தரையை அடையுமுன் உருகிவிடுவதால் எவரும் அதனைக் காண்பதில்லை. இஃது எவ்வாறு நிகழ்கின்றது?

கோடையில் நண்பகல் வெயில் நிலத்தைக் காய்ச்சுகின்றது. நிலம் தன்னைத் தொட்டு நிற்கும் காற்றைச் சூடாக்குகின்றது. சூடேறிய காற்று இலேசாகி மேலே எழுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் ஒன்று உண்டு. அரபிக் கடலின் ஈரக்காற்று இக்கணவாய் வழியே கொங்குச் சமவெளியினுள் நுழைகின்றது. கிழக்கிலிருந்து வரும் காற்றோடு அது எதிர்ப்படும் இடத்தில், இரண்டும் செல்ல வேறு வழியின்றி மேல்நோக்கி உயர்கின்றன. ஈரமும் வெப்பமும் ஒருங்கே கூடிய அவ்விடத்தில் மேகம் குவியத் தொடங்குகின்றது.

உயரே செல்லச் செல்லக் காற்றுக் குளிரும். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பாகை வெப்பம் குறையும். தரையில் 37 பாகை வெயில் எரிக்கும் நாளிலும், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழி அளவை எட்டிவிடும். இடிமேகமோ அவ்வளவில் நிற்பதில்லை. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரையும் வளர்கின்றது. எவரெஸ்ட்டுச் சிகரத்தின் உயரம் ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவே என்பதை நினைந்தால், அம்மேகத்தின் பெருமை விளங்கும். அதன் மேற்பாதி முழுவதும் பனியின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே மெல்லிய பனிப்படிகங்கள் மிதக்கின்றன. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் அவற்றோடு கலந்து திரிகின்றன. இத்துளிகள் படிகங்களின்மேல் ஒட்டி உறைவதால் வெண்ணிறப் பனிக்குருணைகள் உண்டாகின்றன. கனத்த குருணைகள் கீழே விழுகின்றன. வழியில் வெப்பமான காற்றைக் கடக்கும்போது உருகிப் பெருந்துளிகளாகின்றன. கோடை மழையின் முதல் துளிகள் பருத்தும் குளிர்ந்தும் முகத்தில் அறைவதற்கு இதுவே காரணம்.

சிற்சில வேளைகளில் மேகத்தினுள் மேலெழும் காற்று மிக வலியதாயிருக்கும். அது குருணைகளை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றது. குருணைமேல் பனி படிந்து படிந்து கல்லாய்ப் பருக்கின்றது. காற்றும் தாங்கவியலாத எடையை அடைந்தபோது, அக்கல் உருகி முடியுமுன்பே தரையில் வந்து விழுகின்றது. ஆலங்கட்டி மழை என்று மக்கள் வழங்குவது இதனையே. சித்திரை வெயிலில் வெந்த முற்றத்தில் சிறுவர் ஓடியோடிப் பொறுக்கும் அக்கட்டி, மேலுலகப் பனியிலிருந்து வந்த சான்று எனலாம்.

இடிமேகத்தின் மின்னலுக்கும் இப்பனியே தாய். மேலேறும் சிறு படிகங்களும் கீழிறங்கும் குருணைகளும் ஒன்றோடொன்று மோதி உராய்கின்றன. அப்போது படிகங்கள் நேர்மின்னூட்டம் பெற்று மேகத்தின் உச்சிக்குச் செல்கின்றன. குருணைகள் எதிர்மின்னூட்டம் பெற்று இடையிலும் கீழும் தங்குகின்றன. இவ்வேறுபாடு அளவு கடந்தபோது, மின்சாரம் காற்றைப் பிளந்துகொண்டு பாய்கின்றது. அப்பாதையிலுள்ள காற்று, ஏறத்தாழ முப்பதாயிரம் பாகை வெப்பத்தை நொடிப்பொழுதில் அடைகின்றது. இது கதிரவனது மேற்பரப்பின் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்கு. அவ்வாறு சூடேறிய காற்று வெடித்து விரிவதால் எழும் முழக்கமே இடியாகும்.

மழைக்கு முன்னர் வீசும் குளிர்ந்த சூறைக்காற்றும் இம்மேகத்தின் படைப்பே. உருகும் பனியும் ஆவியாகும் நீரும் தம்மைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. குளிர்ந்து கனத்த அக்காற்றுக் கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாற்புறமும் சிதறி ஓடுகின்றது. அன்னூர், சிறுமுகை, மேட்டுப்பாளையம் ஆகிய ஊர்ப்புறங்களில் குலை தள்ளிய வாழை மரங்கள் கோடைச் சூறையில் அடியோடு சாய்வதுண்டு. ஓராண்டு உழைப்பு அரைமணி நேரத்தில் மண்ணில் வீழ்வதைக் காணும் உழவரின் துயரம் சொல்லுந்தரமன்று. அதே மழை, பக்கத்துப் புன்செயில் கோடை உழவுக்கு வழிசெய்து சோளம் விதைப்பார்க்கு நம்பிக்கை ஊட்டுவதும் உண்டு. இடிமேகம் ஒரு சில கிலோமீட்டர் அகலமே உடையது. ஒருமணிப் பொழுதே வாழ்வது. ஆதலின் ஓர் ஊரில் வெள்ளம் ஓட, அடுத்த ஊரில் புழுதி பறப்பது கோடையின் இயல்பு.

இனிக் குளிர்காலத்தைக் காண்போம். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனருகே தலைக்குந்தா, அவலாஞ்சி முதலிய இடங்களில் மார்கழி, தைத் திங்கள்களின் விடியற்பொழுதில் புல்வெளிகள் வெண்துகில் விரித்தாற்போல் விளங்கும். காண வருவோர் அதனைப் பனிமழை என்பர். ஆனால் அது மேலிருந்து பொழிந்ததன்று. நிலத்திலேயே பிறந்த உறைபனி. மேகமற்ற இரவில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை வானோக்கி வெளியிட்டு விரைந்து குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது. அங்கே புல்லின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே சென்றதும், காற்றிலுள்ள நீராவி நீராகாமலே பனியாகி அதன்மேல் படிகின்றது. அன்றிரவு அன்னூரில் அவ்வளவு குளிர் இன்மையால், அங்கு நீராவி வெறும் பனித்துளியாய் நின்றுவிடுகின்றது.

அவ்வாறாயின், அத்துணைக் குளிருடைய நீலகிரியில் மேகத்திலிருந்து ஏன் பனி பொழிவதில்லை? விடை எளியது. அங்கே உறைபனி விழுமளவு குளிர் உண்டாக வானம் தெளிந்திருத்தல் வேண்டும். மேகம் வந்து மூடினாலோ, அது போர்வைபோல் நிலத்தின் வெப்பத்தைத் தடுத்துக் காக்கின்றது. குளிர் உள்ளபோது மேகம் இல்லை. மேகம் உள்ளபோது குளிர் போதவில்லை. ஆகவே, நீலகிரியின் வெண்மை புற்றரையோடு நின்றுவிடுகின்றது. எனினும் அதன் தீங்கு சிறிதன்று. தேயிலையின் இளந்தளிர்கள் உறைபனியால் கருகுகின்றன. தழைகளால் செடிகளை மூடியும், கதிரவன் எழுமுன் காய்கறிப் பயிர்கள்மீது நீர் தெளித்தும் உழவர் அவற்றைக் காக்க முயல்கின்றனர்.

உண்மையான பனிப்புயலைக் காண விரும்புவோர் காசுமீரத்துக்குச் செல்லுதல் வேண்டும். மேற்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் காற்றுச் சுழல்கள் குளிர்காலத்தில் இமயச் சரிவுகளில் மோதிப் பனியைக் கொட்டுகின்றன. அங்கு மேகம் முதல் மண் வரை எல்லாம் உறைநிலைக்குக் கீழே இருத்தலால், பனி உருகாமலே தரையை அடைகின்றது. இடிமேகம் செங்குத்தாய் ஓங்குவது. பனிமேகமோ பல நூறு கிலோமீட்டர் கிடையாய்ப் பரவுவது. முன்னது ஒருமணியில் ஓயும். பின்னது இரவும் பகலும் நீளும். முன்னதில் காற்று வெகுவேகமாய் மேலெழுதலால் படிகங்கள் மோதி மின்னல் பிறக்கின்றது. பின்னதில் காற்று மெல்ல உயர்தலால் பெரும்பாலும் மின்னல் இல்லை. வடிவும் வேகமும் வேறாயினும், இரண்டின் உள்ளும் இருப்பது பனியே.

கொங்கு நாட்டில் அப்பனிப்புயலைப்போல் பரந்தும் நீண்டும் நிற்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையாகும். வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று, குளம் குட்டைகளை நிரப்பிக் கிணறுகளுக்கு ஊற்றளிக்கின்றது. அளவு மிஞ்சினால் அதுவும் கொடிதே. 2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையால் மலைச்சரிவுகள் இடிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடைமழை பேரொலியோடு வந்து சிற்றிடத்தை நனைக்கின்றது. அடைமழை அமைதியாய் வந்து நாடு முழுவதையும் ஆள்கின்றது.

எது பெரிது என்னும் வினாவுக்குக் கண்ணும் காதும் மட்டும் விடை கூறவியலா, அளவும் வேண்டும். இதனை உலகுக்கு உணர்த்தியவர்களுள் எளிய ஆர்வலர் பலர். இங்கிலாந்தில் சைமன்சு என்பார் 1860இல் மழை அளப்போரை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார். அவர் 1900இல் மறைந்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் இல்லத்தில் மழைமானி வைத்து நாள்தோறும் அளந்துவந்தனர். அமெரிக்காவில் வெர்மான்ட்டு மாநிலத்தில் பென்ட்லி என்னும் உழவர் 1885இல் பனிப்படிகம் ஒன்றை நுண்ணோக்கி வழியே ஒளிப்படமாக்கினார். 1931இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை அவ்வாறு பதிவு செய்தார். இந்நாளில் தமிழ்நாட்டிலும் தம் வீட்டு மாடியில் மழைமானி வைத்து, அளவுகளைப் பகிர்ந்து ஒப்பிடும் ஆர்வலர் பலர் உளர்.

கொங்கு உழவர்க்கு மழையளத்தல் புதியதன்று. நிலத்தில் எவ்வளவு ஈரம் இறங்கியது என்று பார்த்து, 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று அவர்கள் அளந்துரைப்பர். மழைமானி அதே அறிவை எண்ணால் கூறுகின்றது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுரமீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டராகும். மலையின் மழை மறைவில் உள்ள கோவைச் சமவெளி ஆண்டு முழுவதும் பெறுவது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டரே. இவ்வறட்சியைப் போக்கவே பவானியின் உபரிநீரைக் குழாய்வழிக் கொணர்ந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகத்து 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அன்னூர்ப் பகுதிக் குளங்களும் அதனால் பயன்பெறுகின்றன. இத்தகைய நாட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எண்ணத்தக்கது.

அளத்தல் உயிரையும் காக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் மாள்கின்றனர். அவர்களுள் பலர் வயலில் உழைப்போரும் மரத்தடியில் ஒதுங்கியோருமாவர். மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணத் தொடங்குதல் வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகும். முப்பது நொடிக்குள் இடி கேட்பின் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. உடனே உறுதியான கட்டடத்துள் புகுதல் வேண்டும். தனிமரமும் திறந்த கொட்டகையும் காவலாகா. கிணற்றிலோ குளத்திலோ இருப்போர் கரையேறிக் கட்டடத்தை நாடவேண்டும். இறுதி இடி கேட்டபின் அரைமணி கழித்தே வெளிவருதல் நன்று. மின்னல் தாக்கியவரைத் தொடுவதால் தீங்கில்லை. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. தயங்காது முதலுதவி செய்தால் அவர் பிழைக்கவும் கூடும்.

ஆகவே, இடி பெரிதா பனி பெரிதா என்னும் வழக்கில் இருசாராரும் ஒன்றையே இரு பெயரால் போற்றுகின்றனர். கோடைப் பிற்பகலில் அன்னூரின்மேல் உறுமும் மேகத்தின் நெஞ்சிலும் பனியே பொழிகின்றது. அதனை அறிந்தவர் இடிக்கு நடுங்கி மரத்தடிக்கு ஓடார். உரிய இடத்தில் ஒதுங்குவர். மழை ஓய்ந்தபின் முற்றத்திலுள்ள மழைமானியை எடுத்து, வானம் தந்தது இவ்வளவு என்று ஏட்டில் குறித்துவைப்பர். வானத்தை அறியும் கல்வி அவ்வொரு வரியிலிருந்தே தொடங்குகின்றது.