பார்சலில் வரும் பூச்சிமருந்து

சென்னைப் பட்டணத்தின் வடபாகத்தில், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே சாத்தாங்காடு என்னும் இடம் உள்ளது. முன்னாளில் கிராமமாயிருந்த இது இப்போது மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியிருக்கிறது. இரும்பு, எஃகு வியாபாரத்துக்கென்று அமைந்த பெரிய சந்தை இங்கே இருக்கிறது. சுற்றுப்புறமெங்கும் கிடங்குகளும், துறைமுகத்திலிருந்து வரும் சரக்குப் பெட்டகங்களை வைக்கும் முற்றங்களும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும் நிறைந்துள்ளன. லாரிகள் இரவும் பகலும் ஓய்வின்றிப் போய்வருகின்றன. அவற்றில் ஏற்றியிருப்பது அரிசியா, திராவகமா என்பது வழியில் நிற்பவருக்குத் தெரியாது. உறையின்மேல் ஒட்டிய சீட்டும், வண்டியோடு வரும் பத்திரமுமே அதைச் சொல்லவேண்டும்.

சீட்டும் சரக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் நேரக்கூடியது என்ன என்பதை இப்பிரதேசத்தார் 2020-ம் வருஷத்தில் நன்கு உணர்ந்தனர். அவ்வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி லெபனான் தேசத்துப் பெய்ரூட் துறைமுகத்தில், பல வருஷங்களாகக் கிடங்கில் கிடந்த ஏறக்குறைய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தனர். அச்செய்தி பரவிய சில நாட்களுக்குள், மணலியில் ஒரு பெட்டக முற்றத்திலும் ஏறக்குறைய 700 டன் அதே சரக்கு 37 பெட்டகங்களில் இருப்பது வெளியாயிற்று. அது உரத்துக்குரிய தரம் என்று காட்டி இறக்குமதி செய்யப்பட்டதென்றும், உண்மையில் வெடிமருந்துக்குரிய தரமாயிருந்ததென்றும் கூறிச் சுங்க இலாகா 2015-ம் வருஷத்தில் அதைக் கைப்பற்றியிருந்தது. பிறகு ஏலத்தில் விற்கப்பட்டு, 2020 ஆகஸ்டிலேயே ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. மணலியில் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் ஒரே பொருள் வயலுக்கு உரமாகவும், பாறையைப் பிளக்கும் வெடியாகவும் இருக்கலாம் என்பதும், அதை யார், எதற்காக, எந்த லைசென்ஸின் பேரில் வாங்குகிறார் என்று சர்க்கார் விசாரிப்பது வீண் தொல்லையன்று என்பதும் விளங்கின.

முகம் காணாத வியாபாரம்

இவ்விஷயம் இப்போது ஒவ்வொரு கிராமத்துக்கும் உரியதாகிவிட்டது. முன்பு விவசாயி பூச்சிமருந்து வாங்கவேண்டுமாயின் கடைவீதிக்குப் போவார். கடைக்காரர் அவருடைய ஊரையும் பயிரையும் அறிந்திருப்பார். மருந்து பலிக்காவிட்டால் மறுநாள் அதே கடைக்குச் சென்று கேட்கலாம். இக்காலத்திலோ கைபேசியில் படத்தைப் பார்த்துப் பணம் செலுத்தினால், எங்கோ உள்ள ஒரு கிடங்கிலிருந்து பார்சல் வீட்டுவாசலுக்கே வந்துவிடுகிறது. விற்பவர் யார், அவருடைய கிடங்கு எத்தகையது, பார்சல் எந்தச் சரக்கோடு சேர்ந்து பிரயாணம் செய்தது என்பவற்றை வாங்குபவர் காண்பதில்லை. அவ்வியாபாரத்தினால் நன்மையும் உண்டு. தூரக் கிராமத்தில் இருப்பவருக்கும் மருந்து கிடைக்கிறது. பல விலைகளை ஒத்துப் பார்க்கவும் முடிகிறது. எனினும் விஷப் பொருளைப் பொறுத்தவரை, கண்ணால் காணாததைக் காகிதத்தினால் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் பிறந்த காரணம்

பூச்சிமருந்துச் சட்டம் எதற்காக ஏற்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1958-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அக்காலத்துச் சென்னை ராஜ்யத்திலும் 100 பேருக்கு மேல் விஷத்தினால் மாண்டனர். அவர்கள் பூச்சிமருந்தைத் தொட்டவர்களல்லர், உணவு உண்டவர்கள். பாரத்தியான் என்னும் கொடிய மருந்து உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, வழியில் கசிந்து, அவற்றில் கலந்துவிட்டது. இதை விசாரிக்க நீதிபதி ஜே. ஸி. ஷா அவர்களை இந்திய சர்க்கார் நியமித்தனர். இவ்விபத்தின் பயனாகவே 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ம் வருஷத்து விதிகளும் ஏற்பட்டன. ஆகவே இச்சட்டத்தின் வேர், மருந்தை வயலில் தெளித்த இடத்தில் இல்லை. சரக்கை ஏற்றி இறக்கிய வழியில் இருக்கிறது. பார்சல் வியாபாரம் பெருகிய இந்நாளில் இதை நினைவில் வைத்தல் அவசியம்.

மேற்படி விதிகளின்படி, மனிதரோ கால்நடையோ உண்ணும் பண்டங்களைத் தொடும்படியாகப் பூச்சிமருந்தை வைக்கவும் கூடாது, வண்டியில் ஏற்றவும் கூடாது. உணவுப் பண்டம் விற்கும் அல்லது சேமிக்கும் கட்டடத்தில் பயிர்களுக்குரிய மருந்தை விற்கலாகாது. வீட்டு உபயோகத்துக்கென்று பதிவுபெற்று, முறைப்படி அடைத்துச் சீட்டு ஒட்டிய மருந்துகளுக்கு மாத்திரம் சில்லறை விற்பனையில் விலக்கு உண்டு. பண்டத்தில் மருந்து கலந்துவிட்டதாகத் தெரிந்தால், பரிசோதனை செய்யாமல் அதை எவருக்கும் கொடுக்கக்கூடாது.

இணையவழி விற்பனைக்கு உள்ள நிபந்தனைகள்

2022 நவம்பரில் மத்திய சர்க்கார் விதிகளைத் திருத்தி, லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் இணையவழி நிறுவனங்களின் மூலமும் பூச்சிமருந்து விற்கலாம் என்று இடங்கொடுத்தனர். ஆனால் கடையில் விற்பவருக்குள்ள கடமைகள் அனைத்தும் அவருக்கும் உண்டு. அவருடைய லைசென்ஸ் மெய்யானதா என்று சோதிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தைச் சேர்ந்தது. இதற்கு முன்பே, 2020-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு இணைய வியாபார விதிகள், விற்பவரின் பெயரும் விலாசமும் வாங்குபவருக்குத் தெரியும்படி காட்டப்படவேண்டும் என்றும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் விதித்திருந்தன.

திராவகத்தின் விஷயமும் இதைப் போன்றதே. சொட்டுநீர்க் குழாய்களில் படியும் உப்பை நீக்க விவசாயிகள் திராவகம் உபயோகிப்பதுண்டு. 2013-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம், திராவகத்தைச் சில்லறையில் விற்பவர் வாங்குபவரின் பெயர், விலாசம், அளவு, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும், புகைப்பட அடையாளச் சீட்டைப் பார்க்கவேண்டும் என்றும், 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 2022 டிசம்பரில் தில்லியில் ஒரு மாணவியின் முகத்தில் திராவகம் வீசப்பட்டபோது, அது இணையவழியாக வாங்கப்பட்டதென்று போலீசார் தெரிவித்தனர். உடனே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

பிற தேசங்களிலும் இத்தொல்லை இருக்கிறது. அமேசான் நிறுவனம் பதிவுபெறாத பூச்சிமருந்துகளைத் தன் மூலமாக விற்க இடங்கொடுத்ததற்காக, 2018-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்காருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் செலுத்த இசைந்தது. அம்மருந்துகளில் ஒன்று, பூச்சிகளைக் கொல்லக் கோடு கிழிக்கும் விஷக்கட்டி. பார்வைக்கு அது பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியைப் போலவே இருப்பதால், குழந்தைகள் எடுத்து விளையாடக்கூடும் என்பதே அதிகாரிகளின் கவலை.

பார்சல் வந்தவுடன் செய்யத்தக்கவை

பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் சம்பா நெல்லில் புகையான் கண்டு, அவசரமாக இணையவழியில் மருந்து வரவழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் வருகிறது. அவர் உடனே புட்டியைத் திறந்து தெளிப்பானில் ஊற்றிவிடக்கூடாது. முதலில் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவேண்டும்.

உறை கிழிந்தோ, புட்டி கசிந்தோ இருந்தால் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புதல் நலம். அறியாமல் வாங்கிவிட்டால், அதனோடு வந்த மற்றப் பொருள்களையும் வீட்டுக்குள் கொண்டுபோகலாகாது.

புட்டியின் சீட்டில் தயாரித்தவரின் பெயரும் விலாசமும், பதிவு எண்ணும், தயாரிப்பு லைசென்ஸ் எண்ணும், தொகுதி எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் இருக்கவேண்டும். மருந்தின் உபயோகம், விஷக்குறிகள், மாற்று மருந்து ஆகியவற்றை விளக்கும் துண்டுப் பிரசுரம் உள்ளே இருக்கவேண்டும். பதிவு எண் இல்லாத மருந்து எவ்வளவு மலிவாயினும் உபயோகத்துக்கு உதவாது.

சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியின் நிறத்தைக் கவனிக்கவேண்டும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சை நிறமுள்ளதும் விஷமே என்பதை மறத்தலாகாது.

சீட்டில் தமது பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். ஒரு பயிருக்கு அனுமதித்த மருந்து மற்றொன்றுக்கு விலக்கப்பட்டிருக்கலாம்.

ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். ரசீது இல்லாமல் விற்பது விதிக்கு விரோதம். அது இல்லையேல் பின்னால் புகாருக்கு ஆதாரமும் இல்லை. சந்தேகம் தோன்றினால் மருந்தைத் தெளிக்காமல், சீட்டோடும் ரசீதோடும் வட்டார வேளாண்மை அலுவலரிடம் காட்டவேண்டும். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் பயிர் யோசனை கேட்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் உண்டு.

வீட்டிலும் ஊரிலும் காவல்

வழியில் காத்த விஷத்தை வீட்டில் காவாவிட்டால் பயனில்லை. 2013 ஜூலையில் பீகார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில், பள்ளியில் மத்தியான உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. நம் வீடுகளில் பூச்சிமருந்துக் குவளையைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்வோர் இன்றும் உளர். எத்தனை முறை கழுவினாலும் அது சமையலறைக்கு உரியதன்று. காலியான புட்டிகளை உடைத்து அல்லது துளையிட்டு, குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் தூரமாகப் புதைக்கவேண்டும். மருந்தைத் தனி அலமாரியில் பூட்டி வைத்து, சாவியைப் பொறுப்புள்ள ஒருவர் வைத்துக்கொள்ளவேண்டும்.

எவரேனும் விஷத்துக்கு ஆளானால், காலதாமதமின்றி 108 எண்ணுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். புட்டியையோ சீட்டையோ உடன் எடுத்துச் சென்றால், என்ன மருந்து என்று வைத்தியர் உடனே அறிவார். கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் இத்தகைய சம்பவத்தை மறைக்க இடங்கொடாமல், மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது நலம். ஒரே மருந்தினால் பல ஊர்களில் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால்தான், அதன் விற்பனையைச் சட்டத்தின்படி 60 நாட்கள்வரை நிறுத்திவைத்து சர்க்கார் விசாரிக்க முடியும். மளிகைக்கடையில் பயிர் மருந்து விற்பதைக் கண்டாலும், லைசென்ஸ் இல்லாதவர் பார்சலில் வரவழைத்து ஊரில் சில்லறையாகப் பிரித்து விற்பதைக் கண்டாலும், பூச்சிமருந்து ஆய்வாளருக்கு அறிவிக்கவேண்டும்.

கட்டுப்பாடு மிகுந்தால் விளைச்சல் குறையும் என்று சிலர் குறை கூறுகின்றனர். இதற்கு இலங்கையின் அனுபவமே விடை. அங்கே 1995-ம் வருஷத்தில் மிகக் கொடிய மருந்துகள் விலக்கப்பட்டன. 1998-ல் எண்டோசல்பானும் நிறுத்தப்பட்டது. பிந்திய வருஷங்களில் விஷமருந்தித் தற்கொலை செய்துகொண்டோரின் தொகை பெரிதும் குறைந்தது. அதனால் நெல் விளைவு குன்றியதாக ஆராய்ச்சியாளர்கள் காணவில்லை.

விளைச்சலைக் காக்க வரவழைத்த மருந்து குடும்பத்தைக் கெடுத்தால், களஞ்சியம் நிறைந்தும் பயனில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்து வாங்கிய காலத்தில் இருந்த ஜாக்கிரதையைவிட, முகம் காணாமல் வாங்கும் இக்காலத்தில் இருமடங்கு ஜாக்கிரதை வேண்டும். அடுத்த பார்சல் வரும்போது, புட்டியைத் திறக்குமுன் சீட்டைப் படித்து ரசீதைச் சரிபார்க்கும் வழக்கத்தை ஒவ்வொரு விவசாயியும் மேற்கொள்வாராக.